ஆறு மணி நேர ஓய்வு

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் மாமாவின் முதுகைத் தவிர. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. "அப்படியே இருக்கு" என்று மட்டும் எழுதாதே.

போனில் கேட்க வேண்டியதை ஏன் காகிதத்தில் கேட்கிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "ம்" கொட்டுகிறாய். மூன்றாவது "ம்"முக்குப் பிறகு சிக்னல் போய்விடுகிறது. ஒரு காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதித் தபாலில் போட உனக்கே வெட்கமாக இருக்கும்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வருஷம் ஓட்டினேன், ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. தலைமை ஆசிரியை ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். வேலை போனவளுக்கு மணி பார்த்து என்ன ஆகப்போகிறது?

வீட்டில் சும்மா உட்கார என்னால் ஆகாது. ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரி ஓட்டப்போகிறேன். சிரிக்காதே. நம் குடும்பத்தில் லாரியைப் பற்றித் தெரிந்தவன் நீ ஒருவன்தான். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறாய். எந்த மாதிரிக் கம்பெனியில் சேரலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டச் சொல்வார்கள், வழியில் பெண்கள் எங்கே குளிப்பது, பத்து வருஷம் கழித்து இதில் முன்னேற்றம் ஏதாவது உண்டா, இல்லை சாகும்வரை அதே ஸ்டியரிங்தானா, எல்லாவற்றையும் விவரமாக எழுது.

மாமா உன்னை விசாரித்தார்.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாமாவை இஸ்திரிக் கடையில் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டாம் என்று சொல். உன் பெண் ஒழுங்காகப் படிக்கிறாளா?

உன் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில், வேண்டாம்.

கிடங்கு வாசலில் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். இருக்கை அதிர்ந்து அதிர்ந்து இடுப்பு கழன்றுவிடும். நாற்பது வயதில் படி ஏறினால் முழங்கால் சத்தம் போடும். கழிப்பறை என்று ஒன்று இருக்கும், அதற்கு ஒரு பூட்டும் இருக்கும், சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. லோடு கிளார்க் உன்னைவிடப் பத்து வயது சின்னவனாக இருப்பான். "எங்க இருக்க, எங்க இருக்க" என்று நாளைக்கு இருபது தடவை கேட்பான். முன்னேற்றம் என்றால் சின்ன லாரியிலிருந்து பெரிய லாரிக்கு மாறுவது. அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

நீ வேறு ஏதாவது வேலை பார். நான் எப்போதும் ரோட்டில்தான் இருக்கிறேன், எழுத நேரம் கிடைப்பதில்லை. தவறாக நினைக்காதே.

உன் தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் இடுப்பும் முழங்காலும் எப்படி இருக்கின்றன? போன கடிதத்தில் அவற்றைப் பற்றித்தான் விலாவாரியாக எழுதியிருந்தாய், அதனால் கேட்கிறேன்.

நான் கேட்டது வழி. நீ எழுதியது ஒப்பாரி. பூட்டிய கழிப்பறையைக் காட்டி என்னைப் பயமுறுத்துகிறாய். இருபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டினேனே, பள்ளிக்கூடத்தில் மட்டும் எனக்கென்று கழிப்பறை கட்டி வைத்திருந்தார்களா?

நான் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரமாகிறது. சொல்லித் தருபவரை எல்லோரும் மீசை என்கிறார்கள். மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறதாம், பெயர் மட்டும் நின்றுவிட்டது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டுமாம். முதல் நாள் தகர டிரம் நான்கையும் தள்ளினேன். "வீட்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசற மாதிரி நினைச்சுக்கங்கம்மா. அவர் எந்தப் பக்கம் போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் சொல்லுங்க" என்றார். அதன்பிறகு ஒரு டிரம்மும் விழவில்லை. மாமாவிடம் சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்று கேட்கிறேன். எப்போதும் ரோட்டில்தான் என்கிறாய். போன தீபாவளி, புதுவருஷம், பொங்கல் வாழ்த்துகளையும் சேர்த்து உன்னிடமிருந்து வந்த நான்கு உறையையும் எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் ஒரே ஊர்த் தபால் முத்திரை. உன் லாரி ஓடுகிறதா, நிற்கிறதா?

உடனே பதில் போடு.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவை ரொம்பக் கிண்டல் செய்யாதே.

தபாலைக் கம்பெனி ஆபீஸில் கொடுத்துவிடுகிறேன், அவர்கள் போடுகிறார்கள்.

நீ யார் பேச்சையும் கேட்கமாட்டாய் என்று தெரியும். சேருவதாக இருந்தால் வண்டி எடுக்குமுன் டயரைக் கண்ணால் மட்டும் பார்க்காதே, கட்டையால் தட்டிப் பார். இரட்டை டயரில் ஒன்று காற்றில்லாமல் இருந்தாலும் பார்வைக்குத் தெரியாது, சத்தத்தில் தெரியும். சரிவில் இறங்கும்போது பிரேக்கை நம்பாதே, கியரைக் குறை. வெயில்காலத்தில் தார்ப்பாய்க் கயிற்றை வழியில் ஒருமுறை இழுத்துப் பார். இதற்கு மேல் மீசையைக் கேள்.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, கோபத்துக்கும் குறைவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று கம்பெனிக்குப் போனேன். முதலாவதில் காவலாளி, "சமையல் ஆள் எடுக்கறது பின்வாசல்ல" என்றார். இரண்டாவதில் மேனேஜர் என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார். வம்புதான் எனக்குப் பிடித்த வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவதில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். குடும்பத்தில் யாராவது இந்தத் தொழிலில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். பெருமையாக உன்னையும் உன் கம்பெனியையும் சொன்னேன். என் எதிரிலேயே அங்கே போன் போட்டார்கள்.

போனை வைத்துவிட்டு அந்த மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "டிரைவர் லிஸ்ட்ல உங்க தம்பி இல்லையாம்மா. எட்டு மாசமாச்சாம்" என்றார்.

எட்டு மாதம். அப்படியானால் போன ஆகஸ்டிலிருந்து நீ எந்த ரோட்டில் இருக்கிறாய்? இனி உன்னிடம் டயரைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. நீ எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், அதை மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள மச்சானுக்கு மாமா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. போனையும் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் அக்கா மூன்று வாரமாகத் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறாள். அவர் கையை விரித்ததும் உள்ளே வந்து பாத்திரம் கழுவுகிறாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுகிறாள். நேற்றோடு மூன்று தட்டு நெளிந்துவிட்டது. நான் ஏதாவது பேசினால், "நீங்களும் ஆம்பளைதானே, உங்களுக்கும் வாயில பூட்டுதானே" என்கிறாள். பகலெல்லாம் அவளும் என்னிடம் பேசுவதில்லை.

நீங்கள் என்ன செய்திருந்தாலும் சரி. எழுதுங்கள். எனக்காகவாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாமா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

எப்போதும் உடம்பைப் பற்றிக் கேட்பாய். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் கஷ்டம்.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. பச்சைத் தகரக் கூரை போட்ட சர்க்கரைக் கிடங்கு ஒன்று இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் கிளம்பியவன், விடிய விடிய ஓட்டி காலை ஐந்து மணிக்கு அங்கே போய் வரிசையில் நின்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வண்டி நீளம் நகர வேண்டும். கண்ணயர்ந்தால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். பதினோரு மணிக்கு லோடு ஏறியது. அங்கே காதில் பென்சில் செருகியிருந்த மேற்பார்வையாளர், ஓட்டும் நேரமும் ஓய்வு நேரமும் எழுதும் என் டிரிப் ஷீட்டைத் தட்டி, "அஞ்சுலருந்து பதினொண்ணு வரைக்கும் ஓய்வுன்னு போடு. ஓய்வு எடுத்த மாதிரி இருந்தாத்தான் வண்டிய வெளிய விடுவோம்" என்றார். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். நானும் போட்டேன். ஆறு மணி நேரம் ஓய்வு.

மூன்று மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், நேரான ரோட்டில் தூங்கிவிட்டேன். மூன்று விநாடியோ நான்கு விநாடியோ இருக்கும். ரோடு போடுகிறவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சிவப்புக் கொடி காட்டும் ஆள் ஒருவர் முன்னால் நின்றார். கண் திறந்தபோது அவர் குறுக்கே பாய்வதைத்தான் பார்த்தேன். லாரி அவர் இடது காலைத் தட்டிவிட்டு ரோடு ரோலரில் மோதி நின்றது. உயிர் பிழைத்துக்கொண்டார். கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

எங்கள் மேனேஜர் வந்தார். "தூங்கினேன்னு சொன்னா லைசென்ஸ் போயிடும், உள்ளயும் போயிடுவ. பிரேக் குழாய் வெடிச்சுதுன்னு சொல்லு. ஷீட்ல ஆறு மணி நேரம் ஓய்வுன்னு இருக்கு, எவன் சந்தேகப்படப்போறான்?" என்றார். சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

மறுபடி வண்டியில் ஏறப் போனவன், படியில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். என்னைக் கம்பெனி கேட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிற வண்டி எண்ணையும் போகிற வண்டி எண்ணையும் எழுதுகிறேன். அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

நீ பெண் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. பன்னிரண்டு வருஷம் ஓட்டிய எனக்கே இப்படி ஆனது. மாமாவிடம் நீயே சொல்லிவிடு.

தம்பி


மே 19

தம்பி,

முதலில் நீ சாப்பிடுகிறாயா? தனியாகச் சமைக்கிறாயா, இல்லை டீயிலேயே காலம் தள்ளுகிறாயா?

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் பயங்கரமாகக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. ஜனவரியிலேயே நான் உன்னைக் கேட்டேன். நீ முழங்காலைப் பற்றி எழுதினாய்! கழிப்பறைச் சாவியைப் பற்றி எழுதினாய்! உன் பன்னிரண்டு வருஷத்தில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வேண்டாம்" என்றாய். வேண்டாம் என்றால் நான் எங்கே கேட்டிருக்கிறேன்? காரணம் சொன்னால்தானே கேட்பேன்.

ஜூன் பத்தாம் தேதி அந்த மூன்றாவது கம்பெனியில் வேலைக்குச் சேருகிறேன். அதற்குள் எழுது. தூக்கம் வருவதற்கு முன்னால் எப்படி இருக்கும்? அந்த மூன்று மணிக்கு முன்னால் இருந்த அரை மணி நேரத்தை எழுது. கஷ்டமாக இருந்தாலும் எழுது.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். உன் பழைய சட்டை இரண்டு இங்கே கிடந்தது, எடுத்துத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறார்.

உன் அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். மாமாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கொட்டாவி வரும்வரை பயமில்லை. கொட்டாவி நின்றுபோனால்தான் பயம். அந்த அரை மணி நேரத்தில் ஒரே ஊர்ப்பலகையை இரண்டு தடவை படித்த மாதிரி இருந்தது. கடைசியாகக் கடந்த பாலம் எது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. வெயிலில் லேசாகக் குளிர்ந்தது. ஜன்னலைத் திறந்தேன், சத்தமாகப் பாடினேன், கன்னத்தில் அறைந்துகொண்டேன். இது எதுவும் உதவாது. உதவுகிறது என்று தோன்றும், அவ்வளவுதான். நிறுத்திவிட்டுத் தூங்குவது ஒன்றுதான் வழி. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று மனசு சொல்கிறபோது உடனே நிறுத்து.

இன்னொன்று. காத்திருந்த நேரத்தை ஓய்வு என்று எழுதாதே. யார் சொன்னாலும் எழுதாதே. எல்லோரும் எழுதுகிறார்கள் என்பார்கள். உண்மைதான், எல்லோரும் எழுதுகிறோம்.

பத்தாம் தேதி நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி


ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம்தான். இடுப்பு கழன்றுதான் போகிறது, நீ சொன்னது சரி.

போன வியாழக்கிழமை எனக்குச் சர்க்கரை லோடு. வண்டியைத் திருப்பினால் எதிரே பச்சைத் தகரக் கூரை. ஐந்து மணி நேரம் நின்றேன். அதே மேற்பார்வையாளராகத்தான் இருக்க வேண்டும், காதில் பென்சில் வைத்திருந்தார்.

"ஓய்வுன்னு போட்டுக்கம்மா."

"நான் எங்க ஓய்வெடுத்தேன்? முப்பது தடவை வண்டிய நகர்த்தியிருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா போடுவாங்க."

"அப்ப எல்லாருக்கும் நீங்க கட்டில் போட்டுக் குடுத்தீங்களா?"

ஷீட்டில் "காத்திருப்பு" என்று எழுதினேன். வண்டியை வெளியே விடமாட்டேன் என்றார். விடாவிட்டால் வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வேன் என்றேன். என் பின்னால் பதினெட்டு லாரி. எல்லோரும் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள், என்னைப் பார்த்தா அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. விட்டுவிட்டார். இரண்டு மணிக்கு உன் ஊர்ப்பலகை விஷயம் எனக்கும் நடந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நான்கு மணி நேரம் தூங்கினேன். லோடு தாமதமானது. கிளார்க் போனில் கத்தினான். மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, நெடுந்தூரத்திலிருந்து எடுத்து உள்ளூர் நடையில் போட்டுவிட்டார்கள். சேர்ந்து ஒரு மாதத்தில் பெரிய லாரியிலிருந்து சின்ன லாரிக்கு வந்துவிட்டேன். நீ சொன்ன முன்னேற்றத்தைத் தலைகீழாகச் செய்து காட்டியிருக்கிறேன்.

வாகன ஆய்வாளரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். நல்ல மனிதர்தான். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா காத்திருந்து களைச்சுப் போய் விபத்து நடந்ததா எங்ககிட்ட ஒரு பதிவுகூட இல்லையே. எந்த டிரைவரும் சொன்னதில்லையே" என்றார். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் அந்தக் கொடிக்காரரைப் பார்க்கப் போனேன். கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். நான் யாரென்று சொன்னேன். நான், "பிரேக் போகலைங்க. நான் தூங்கிட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "உங்க கண்ணு மூடியிருந்துச்சு. கொடிய ஆட்டறேன், ஆட்டறேன், கண்ணத் தொறக்கவே மாட்டேங்கறீங்க. நான் சொன்னா ஒருத்தரும் நம்பல. பிரேக்குன்னு பேப்பர்ல எழுதியிருக்குன்னாங்க. என் பொண்டாட்டிகூட, அடிபட்ட அதிர்ச்சியில உளர்றீங்கன்னுட்டா. ஒரு வருஷமா இந்த வீட்ல நான்தான் உளர்றவன்."

என் சட்டைக் கையைப் பிடித்தார். "உள்ள வாங்க. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டினார்கள், சரமாரியாக. நின்று கேட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இப்பவாவது புரிஞ்சுதா? இப்பவாவது புரிஞ்சுதா?" என்று மனைவியையே கேட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் நீ புகார் கொடுத்த அந்த வாகன ஆய்வாளரிடம் போனேன். டிரிப் ஷீட்டை எடுத்து வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"விபத்து அறிக்கையில இருக்கறதும்?"

"அதுவும் என்னுதுதான் சார்."

"அப்ப ரெண்டு பொய்."

"ரெண்டு சார்."

எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார். லைசென்ஸ் இரண்டு வருஷத்துக்கு இல்லை. வழக்கு திரும்ப நடக்கும் என்றும், நானாகவே வந்து உண்மையைச் சொன்னதைக் குறித்திருப்பதாகவும் சொன்னார். கேட் வேலையிலிருந்து கம்பெனி அன்றே நிறுத்திவிட்டது. மேனேஜர், "உன்னை எவ்வளவு பாதுகாப்பா வச்சிருந்தேன்" என்று வருத்தப்பட்டார். அவர் பெயரும் அந்த வாக்குமூலத்தில் இருக்கிறது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அறையில்தான் இருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. இந்தத் தடவை உண்மையாகவே.

தம்பி


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பச்சைக் கூரை வரிசையில் நின்றுகொண்டு படித்தேன். ஆமாம், என்னைத் திரும்ப நெடுந்தூரத்தில் போட்டுவிட்டார்கள். மனம் மாறியெல்லாம் இல்லை, ஆய்வாளர் வந்து எங்கள் ஷீட்டையும் கேட்டிருக்கிறார், பயம். கிடங்கு வாசலில் இப்போது ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். வண்டி வந்த நேரத்துக்கும் போன நேரத்துக்கும் ஷீட்டில் அவர்களே முத்திரை குத்த வேண்டும் என்று உத்தரவு. முத்திரை குத்துவது யார் தெரியுமா? அதே காதில் பென்சில். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓங்கிக் குத்தினார், காகிதம் கிழிந்துவிட்டது. அதற்காக நிற்கிற நேரம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. நாலரை மணி நேரம். எரிச்சலாகத்தான் வருகிறது.

வேலையில்லாமல் அந்த அறையில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய்? சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க உனக்குச் சம்பளமா தருகிறார்கள்? வரும் ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கிவிட்டு உன் ஊர் வழியாகத்தான் காலி வண்டியில் திரும்புகிறேன். கம்பெனியில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். காலை எட்டு மணிக்குப் பெட்டியோடு தபால் ஆபீஸ் வாசலில் நில். மாமா உனக்காக முன் அறையைக் காலி செய்துவிட்டார். வழக்குத் தேதிக்கு அவரும் உன்னோடு வருகிறாராம்.

வண்டியில் ஏறுவது உனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். பக்கத்து இருக்கைதான், இருந்தாலும் கஷ்டம்தான். வந்து பார். முடியவில்லை என்றால் வெட்கப்படாதே, வாயைத் திறந்து சொல். எதிரிலேயே பஸ் நிலையம் இருக்கிறது. உன்னை ஜன்னல் ஓரமாகப் பார்த்து ஏற்றிவிட்டு, வீடு வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே லாரியை ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் அக்கா